பந்து சோறு போடுமா?

(இரண்டாமாண்டு, இயந்திரவியல்)



தஞ்சாவூர்ப் பக்கம் காலில் பந்து பட்ட ஒவ்வொருத்தரும் ஒரு தடவையாவது வாங்கியிருக்கும் கேள்வி இது. "ஏன்டா, பந்து சோறு போடுமா?" முழங்கால் சிராய்ப்போடு சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது அப்பா கேட்பார். அப்பா கேட்காவிட்டால் சித்தப்பா கேட்பார். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவும் தன் பங்குக்குக் கேட்பார்.

இதில் கோபப்பட ஒன்றுமில்லை. நாற்று விட்டு, நட்டு, களை எடுத்து, அறுத்து, தூற்றி, ஒரு பிடி சோறு தட்டுக்கு வர எத்தனை மாதம் ஆகும் என்று தெரிந்தவர்கள் கேட்கிற கேள்வி அது. நெல் விளைகிற ஊரில் சோறு என்பது விளையாட்டுப் பேச்சு இல்லை. அதனால் பதிலும் சும்மா வாய்ப்பந்தலாக இருக்கக் கூடாது. உண்மையாக வாழ்ந்த ஒரு மனிதரின் கணக்கை எடுத்து வைத்துப் பார்ப்போம். அவர் பெயர் ஐ.எம். விஜயன்.

யார் இந்த விஜயன்?

பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. முகத்தைக் காட்டினால் எல்லாருக்கும் தெரியும்! 2006-ல் வந்த 'திமிரு' படத்தில் விஷாலோடு மோதும் வில்லன்களில் ஒருவராக வந்தாரே, அவர்தான். 2019-ல் 'பிகில்' படத்திலும் வந்தார். "அட, அந்த ஆளா? அவர் நடிகர்தானே?" என்று கேட்பவர்களுக்காகவே இந்தக் கட்டுரை. சினிமா அவருக்குப் பின்னால் வந்தது. அதற்கு முன்பே இந்தியா கண்ட மிகச் சிறந்த ஸ்ட்ரைக்கர்களில் ஒருவர் என்று பெயர் எடுத்துவிட்டவர் அவர்.

1969 ஏப்ரல் 25 அன்று கேரளத்தின் திருச்சூரில் பிறந்தார். வறுமையான வீடு. சிறு வயதிலேயே அப்பாவை இழந்தார். அம்மாவின் உழைப்பில்தான் அடுப்பு எரிந்தது. பையனும் சும்மா இருக்கவில்லை. திருச்சூர் முனிசிபல் ஸ்டேடியத்தில் மேட்ச் நடக்கும் நாட்களில் சோடா விற்றார். ஒரு பாட்டிலுக்கு 10 பைசா. டிக்கெட் வாங்க வழியில்லாத பையனுக்கு சோடாப் பெட்டிதான் டிக்கெட்! கையில் பாட்டில், கண் மட்டும் மைதானத்தில்.

இங்கே ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த வயதில் நாடு முழுக்க சோடா விற்ற பையன்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அதில் நன்றாகப் பந்து ஆடத் தெரிந்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் எப்படி மேலே வந்தார்? "திறமை இருந்தது, வந்தார்" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் நம்ம ஊர்க்காரர்களுக்கு இதைவிட நல்ல விளக்கம் கைவசம் இருக்கிறது.

கடைமடைக்குத் தண்ணீர் வந்த கதை

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பார்கள். அன்றைக்கே நம்ம வயலுக்குத் தண்ணீர் வந்துவிடுகிறதா? இல்லை. தண்ணீர் கல்லணைக்கு வர வேண்டும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிய வேண்டும். பிறகு கிளை ஆறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று போய்ப் போய், கடைசியில் மடை திறந்தால்தான் நாற்றங்கால் நனையும். வழியில் ஒரே ஒரு மதகு மூடிக் கிடந்தாலும் கடைமடைக்காரன் வானத்தைப் பார்த்து உட்கார வேண்டியதுதான். அவன் மண் நல்ல மண்ணாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

விஜயன் ஒரு கடைமடைப் பயிர். நல்ல மண், நல்ல விதை. அவருக்கு மதகுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அதைத்தான் வரிசையாகச் சொல்லப் போகிறேன்.

முதல் மதகு, பயிற்சி முகாம். ஸ்போர்ட்ஸ் கவுன்சில் திருச்சூரில் சிறுவர்களுக்கு ஃபுட்பால் பயிற்சி முகாம் நடத்தியது. அதில் இந்தச் சோடாக்காரப் பையனும் சேர்க்கப்பட்டான். டி.கே. சாத்துண்ணி என்ற பயிற்சியாளரின் கண்ணில் பட்டான். காசு இல்லாத பையனுக்குப் பந்தும் வாத்தியாரும் இலவசமாகக் கிடைத்த இடம் அது.

இரண்டாவது மதகு, வேலை. 1987-ல், ஏறக்குறைய நம்ம வயதில், கேரளப் போலீஸ் அணிக்கு வந்தார். இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. போலீஸ் அணி என்றால் என்ன? காலையில் மைதானம், காலுக்கு பூட்ஸ், வயிற்றுக்குச் சாப்பாடு, மாதம் பிறந்தால் சம்பளம். "நாளைக்கு என்ன பண்றது?" என்ற கவலை தலையில் இல்லாமல் ஒரு ஏழை வீட்டுப் பையன் பந்தை மட்டும் பார்க்க முடிந்தது.

விளைவு என்ன? வி.பி. சத்யன், பாப்பச்சன், ஷரஃபலி, குரிகேஷ் மாத்யூ, விஜயன் என்று அந்தக் காக்கி அணி நாட்டையே கலக்கியது. 1990-ல் ஃபெடரேஷன் கோப்பையின் இறுதியாட்டத்தில் கோவாவின் பெரிய அணியான சால்கோக்கரை 2-1 என்று தோற்கடித்தார்கள். போட்டி எங்கே நடந்தது தெரியுமா? திருச்சூரில்! சோடா விற்ற அதே ஊரில், தன் ஜனங்களுக்கு முன்னால் கோப்பை. அடுத்த வருடம் 1991-ல் கண்ணூரில் மஹிந்திரா அண்ட் மஹிந்திராவை வென்று மறுபடியும் அதே கோப்பை. ஒரு மாநிலப் போலீஸ் அணி, பணக்கார கிளப்புகளைத் தள்ளிவிட்டு இரண்டு வருடம் தொடர்ந்து ஜெயித்தது சாதாரண விஷயமா?

மூன்றாவது மதகு, கல்கத்தா. 1991-ல் மோகன் பகான் கிளப் அவரை அழைத்துக்கொண்டது. 1889-ல் தொடங்கிய கிளப் அது. 1911-ல் வெறும் காலோடு ஆடியவர்கள் நிறைந்த அணியாக வெள்ளைக்கார ராணுவ அணியைத் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டு வாங்கிய கிளப். அங்கே ஆடுவது என்றால் லட்சம் கண்களுக்கு முன்னால் ஆடுவது. வங்காள ரசிகர்கள் விஜயனுக்கு 'காலோ ஹரிண்' என்று பெயர் வைத்தார்கள். கருப்பு மான் என்று அர்த்தம். துள்ளலைப் பார்த்துவிட்டு வைத்த பெயர்.

நான்காவது மதகு, ஒரு மில். பஞ்சாபில் பக்வாரா என்ற ஊரில் ஜே.சி.டி. என்ற ஜவுளி ஆலை. அந்த ஆலை நடத்திய அணிக்குப் போனார் விஜயன். அவரோடு ஜோ பால் அஞ்சேரி, சிக்கிமிலிருந்து வந்த பாய்ச்சுங் பூட்டியா. 1996-97-ல் முதன்முதலாக நடந்த தேசிய ஃபுட்பால் லீக்கை ஜே.சி.டி.தான் வென்றது. பூட்டியா 14 கோல் அடித்து முதலிடம். அவருக்கு அப்போது இருபது வயதுதான்.

1997-ல் கொச்சியில் எஃப்.சி. கொச்சின் என்ற புது கிளப் பிறந்தது. விஜயன் சொந்த மாநிலத்துக்குத் திரும்பினார். அந்த வருடமே டூரண்ட் கோப்பையை அந்த அணி வென்றது. டூரண்ட் கோப்பை கேரளத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை. அந்த அணியில் இன்னொரு விஜயனும் இருந்தார். ராமன் விஜயன், நம்ம தமிழ்நாட்டுக்காரர்! 1997-98 தேசிய லீக்கில் 10 கோல் அடித்து நாட்டிலேயே முதலிடம் பிடித்தவர் அவர்தான். ஐ.எம். விஜயனைத் தெரியாதவர்கள்கூட மன்னிக்கப்படலாம். ராமன் விஜயனைத் தெரியாமல் இருப்பது நமக்கு அழகல்ல.

ஸ்ட்ரைக்கர் என்றால் என்ன வேலை?

ஃபுட்பால் தெரியாத நண்பர்களுக்காக இந்தப் பகுதி. தெரிந்தவர்களும் படிக்கலாம், கொஞ்சம் அப்ளைடு மெக்கானிக்ஸ் கலந்திருக்கிறது!

பதினொரு பேரில் கோல்கீப்பர் காப்பாற்றுகிறவர். பின்னால் நிற்பவர்கள் தடுக்கிறவர்கள். நடுவில் ஓடுகிறவர்கள் பந்தைக் கொண்டுவந்து கொடுக்கிறவர்கள். ஸ்ட்ரைக்கர் முடிக்கிறவர். கேட்க சுலபம். கோல் கம்பங்களுக்கு இடையே அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். பெரிய வாசல்தான். ஆனால் அந்த வாசலுக்கு முன்னால் கை நீட்டிக்கொண்டு ஒருவர், காலை நீட்டிக்கொண்டு நாலு பேர். ஒன்றரை மணி நேர ஆட்டத்தில் ஸ்ட்ரைக்கர் காலில் பந்து இருப்பது சில நிமிடம்தான். அதில் கோல் அடிக்கத் தோதாகக் கிடைப்பது சில வினாடிதான். அந்தச் சில வினாடியில் தடுமாறினால் மற்ற பத்துப் பேர் உழைப்பும் வீண்.

ஆகவே ஸ்ட்ரைக்கருக்கு முதல் பாடம் பந்தை அடிப்பது இல்லை, பந்தை வாங்குவது. ஃபுட்பாலின் எடை 410 முதல் 450 கிராம். 430 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அது வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வருகிறது. மொமெண்டம் 0.43 × 20 = 8.6. இதை நெஞ்சை விறைப்பாக வைத்து 0.01 வினாடியில் நிறுத்தினால் விசை 860 நியூட்டன். அதாவது சுமார் 88 கிலோ எடை மோதுகிற மாதிரி. பந்து எகிறி எதிராளியிடம் போய்விடும். அதே பந்தை நெஞ்சைக் கொஞ்சம் உள்வாங்கி, காலை மடித்து 0.1 வினாடி எடுத்துக்கொண்டு நிறுத்தினால் விசை 86 நியூட்டன்தான். சுமார் 9 கிலோ. பந்து பூனைக்குட்டி மாதிரி காலடியில் விழும்.

இது பாடப் புத்தகத்தில் மட்டும் இருக்கிற விஷயம் இல்லை. நெல் கொள்முதல் நிலையத்தில் லாரிக்கு சிப்பம் ஏற்றுகிற அண்ணன்களைக் கவனித்துப் பாருங்கள். 40 கிலோ சிப்பத்தை முதுகில் வாங்கும்போது முழங்காலை லேசாக மடித்து வாங்குவார்கள். இம்பல்ஸ் என்ற வார்த்தையை அவர்கள் கேள்விப்பட்டதில்லை. உடம்புக்குத் தெரியும். விஜயனுக்கும் அப்படித்தான். வருகிற பந்தை நெஞ்சில் வாங்கி, கீழே விழுவதற்குள் திரும்பி அடிக்கிற வித்தைக்குப் பேர் போனவர் அவர்.

இரண்டாவது பாடம் இடம் பார்ப்பது. பந்து எங்கே இருக்கிறது என்று எல்லாரும் பார்ப்பார்கள். பந்து எங்கே வரப்போகிறது என்று பார்ப்பவன்தான் ஸ்ட்ரைக்கர். ஆஃப்சைடு விதி ஒன்று உண்டு. எதிரணியின் பாதியில், பந்துக்கும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளுக்கும் முன்னால் போய் நின்றுகொண்டு பாஸ் வாங்கக் கூடாது. முன்கூட்டியே ஓடினால் தப்பு, தாமதமாக ஓடினால் பந்து போச்சு. ரயில் கிளம்பும் நேரம் பார்த்து ஓடி ஏறுகிற மாதிரி!

மூன்றாவது பாடம் துணிச்சல். மலேசியாவின் பெர்லிஸ் அணிக்கு எதிராக ஜே.சி.டி.க்காக விஜயன் அடித்த சிசர் கிக் கோலைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உடம்பை அந்தரத்தில் கிடத்தி, தலைக்கு மேலே பந்தை உதைப்பது. தவறினால் முதுகெலும்பு. ஒழுங்காகப் பட்டால் சரித்திரம்.

நாட்டுக்காக

இந்திய அணியில் விஜயனின் கணக்கைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1997-ல் காத்மாண்டுவில் நடந்த தெற்காசிய ஃபுட்பால் போட்டியில் இந்தியா மாலத்தீவை 5-1 என்று வென்று பட்டம் பெற்றது. அந்தத் தொடரில் அதிக கோல் விஜயனுடையது.

1999-ல் அதே காத்மாண்டுவில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி. பூட்டானுக்கு எதிரான ஆட்டம். விசில் ஊதி 12 வினாடியில் விஜயன் கோல் அடித்தார்! நடுக்கோட்டிலிருந்து கோல் கம்பம் ஏறக்குறைய 50 மீட்டர். நாம் பெஞ்சில் உட்கார்ந்து பை திறந்து நோட்டு எடுக்கிற நேரத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. சர்வதேச ஃபுட்பாலின் மிக வேகமான கோல்கள் பட்டியலில் அதுவும் ஒன்றாகப் பேசப்படுகிறது.

2003-ல் ஹைதராபாத்தில் ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டுப் போட்டி. விஜயனுக்கு வயது 34. "கிழடாயிட்டான்" என்று சொல்கிற வயது. 4 கோல் அடித்து அதிக கோல் அடித்தவர் ஆனார். இந்தியா இறுதியாட்டம் வரை போய் உஸ்பெகிஸ்தானிடம் 0-1 என்று தோற்றது. அத்தோடு இந்திய அணியிலிருந்து விடைபெற்றார்.

அகில இந்திய ஃபுட்பால் சம்மேளனத்தின் வருடத்தின் சிறந்த வீரர் விருது மூன்று முறை. 2003-க்கான அர்ஜுனா விருது. 2025-ல் பத்மஸ்ரீ.

ஜெர்மனியில் ஒரு நெசவாளி, ஒரு தச்சர்

"அங்கெல்லாம் பணக்கார நாடு, சௌகரியம் அதிகம், அதனால் ஜெயிக்கிறான்" என்று நம்ம பசங்க சொல்வதுண்டு. உலகத்திலேயே ஸ்ட்ரைக்கர்களுக்குப் பேர் போன ஜெர்மனியைப் பார்ப்போம்.

கெர்ட் முல்லர், 1945-ல் நோர்ட்லிங்கன் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். படிப்பை விட்டுவிட்டு நெசவு வேலை கற்றுக்கொண்டவர். குட்டை உருவம், பருத்த தொடை. ஆனால் பெனால்டி பகுதிக்குள் பந்து வந்தால் போதும். ஜெர்மனிக்காக 62 ஆட்டத்தில் 68 கோல்! ஆட்டத்துக்கு ஒன்றுக்கு மேல். ஜெர்மன் லீக்கில் 365 கோல். 1974 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஹாலந்துக்கு எதிராக வெற்றி கோலும் அவர் அடித்ததுதான்.

மிரோஸ்லாவ் க்ளோஸே, போலந்தில் பிறந்து ஜெர்மனிக்குக் குடிவந்த குடும்பம். தச்சு வேலை பயின்றவர். இருபது வயதில்கூடச் சின்னச் சின்ன லீக்கில்தான் ஆடிக்கொண்டிருந்தார். அவர்தான் 2002, 2006, 2010, 2014 என நான்கு உலகக் கோப்பைகளில் மொத்தம் 16 கோல் அடித்து முல்லரின் 14-ஐத் தாண்டினார்.

கவனித்தீர்களா? ஒருவர் தறி, ஒருவர் உளி. நம்மைப் போல கைத்தொழில் கற்றவர்கள். அங்கே ஊருக்கு ஊர் கிளப் இருக்கிறது. நெசவாளி மகனும் தச்சுப் பையனும் வேலை முடிந்து சாயங்காலம் போய் ஆட ஒரு மைதானம் இருக்கிறது. அந்தக் கிளப்பிலிருந்து அடுத்த கிளப்புக்கு வழி இருக்கிறது. சௌகரியம் என்றால் அதுதான் சௌகரியம். மதகுகள் மூடாமல் இருக்கின்றன.

முல்லர் கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஆட்டம் நின்ற பிறகு குடிப்பழக்கத்தில் விழுந்தார். அவரது பழைய கிளப்பான பயர்ன் மியூனிக் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்து, இளைஞர்களுக்குப் பயிற்சி தரும் வேலையும் கொடுத்தது. 2021 ஆகஸ்ட் 15-ல் 75 வயதில் காலமானார். உலகமே கொண்டாடிய மனிதருக்கும் கடைசிக் காலத்தில் ஒருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

மதகு மூடினால்?

இனி கொஞ்சம் கசப்பான பக்கம். விஜயனோடு கேரளப் போலீஸில் ஆடிய வி.பி. சத்யனைச் சொன்னேன். இந்திய அணியின் கேப்டன். 1995-ல் சிறந்த வீரர் விருது பெற்றவர். பிறகு சென்னைக்கு வந்து இந்தியன் பேங்க் அணியில் சேர்ந்தார், அங்கேயே பயிற்சியாளராகவும் இருந்தார். வேலை இருந்தது, சம்பளம் இருந்தது. ஆனால் காலில் பட்ட காயங்கள் விடவில்லை. ஆட முடியாத வெறுமை மனதைத் தின்றது. 2006 ஜூலை 18 அன்று பல்லாவரத்தில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 41. கைதட்டல் நின்ற பிறகு ஒரு வீரனின் வீட்டுக் கதவைத் தட்டி "எப்படி இருக்கீங்க?" என்று கேட்கவும் ஆள் வேண்டும் நண்பர்களே.

விஜயன் ஆடிய அணிகளும் எல்லாம் நிலைக்கவில்லை. முதல் தேசிய லீக்கை வென்ற ஜே.சி.டி. ஆலை 2011-ல் தன் அணியைக் கலைத்தது. எஃப்.சி. கொச்சினும் பணமில்லாமல் இழுத்து மூடப்பட்டது. மில் அணி, பேங்க் அணி, டிபார்ட்மெண்ட் அணி என்று ஒரு காலத்தில் இருந்த பல வாசல்கள் இன்று இல்லை. பெரிய முதலாளிகளின் கிளப்புகள் டி.வி. வெளிச்சத்தில் ஆடுகின்றன. நல்ல சம்பளமும் தருகின்றன. ஆனால் அங்கே இடம் கொஞ்சம். ஆட்டம் நின்ற பிறகு அவை சோறு போடுவதில்லை.

விஜயனுக்கு மட்டும் கடைசி மதகும் திறந்தது. ஆட்டத்தை முடித்துக்கொண்ட பிறகு கேரளப் போலீஸ் அவரை மறுபடி வேலைக்கு எடுத்தது. மலபார் ஸ்பெஷல் போலீஸில் அதிகாரியாக உயர்ந்து, 2025 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். பத்மஸ்ரீ வந்ததும் அதே வருடம். 10 பைசா சோடாவில் தொடங்கிய கணக்கு பென்ஷனில் வந்து முடிந்திருக்கிறது. "பந்து சோறு போடுமா?" என்று கேட்கும் அப்பாமார்களுக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

நம்ம பக்கம்

தமிழ்நாட்டுக்கும் ஃபுட்பாலுக்கும் சம்பந்தம் இல்லாதது போல நாம் நடந்துகொள்கிறோம். கேரளம் முதன்முதலாக சந்தோஷ் டிராபியை வென்றது 1973-ல், எர்ணாகுளத்தில், ரயில்வேயை 3-2 என்று தோற்கடித்து. அந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் யார்? 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடிய தமிழ்நாட்டு வீரர் சைமன் சுந்தரராஜ்! நாம் கொடுத்த நாற்று அங்கே விளைந்திருக்கிறது.

பெண்கள் இன்னும் ஒரு படி மேலே. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியில் ஆடியவர், தமிழ்நாடு போலீஸில் சப் இன்ஸ்பெக்டர். 2018-ல் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை வென்று தேசியப் பட்டம் வாங்கினார்கள். ஆண்கள் அணி என்ன செய்துகொண்டிருந்தது என்று தோழியர் கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருங்கள்!

நம்ம டெல்டாவில் மைதானம் எங்கே இருக்கிறது? தை மாதம் சம்பா அறுவடை முடிந்தால் வயல் காலியாகும். ஆனால் பல இடங்களில் அறுப்புக்கு முன்பே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள், கால் வைக்க முடியாது. தெளிக்காத வயலில் ஆடினால் அரிதாள் பாதத்தைக் குத்தும். ஜனவரி 28-ல் மேட்டூரை மூடியதும் ஆறு வற்றும், மணலில் ஆடலாம். மணலில் பந்து உருளாது, ஆனால் கால் வலுவாகும். ஜூனில் தண்ணீர் வந்தால் அதுவும் போச்சு. இத்தனைக்கும் நடுவில் கபடியில் நம்ம பசங்களை அசைக்க முடியாது. உடம்பிலும் தைரியத்திலும் குறை இல்லை. குறை மதகில்தான்.

என்ன செய்யலாம்? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒன்று: தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் ஜெயித்தவர்களுக்குத்தான் அது. ஆகவே எந்தப் போட்டிக்கு அங்கீகாரம் உண்டு என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சர்டிபிகேட்டைப் பரணில் போடாமல் ஃபைலில் வையுங்கள். எங்கள் வீட்டில் நான்தான் முதலில் படிக்க வந்தவன். ஒரு காகிதத்துக்கு என்ன மதிப்பு என்று வீட்டில் சொல்லித்தர ஆள் கிடையாது. நம்மில் பலருக்கு அப்படித்தான். அதனால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம்.

இரண்டு: டிப்ளமோவை விடாதீர்கள். முல்லருக்குத் தறி இருந்தது, க்ளோஸேவுக்கு உளி இருந்தது, விஜயனுக்குக் காக்கி இருந்தது. நமக்கு லேத்தும் வெல்டிங்கும் சர்வேயும் இருக்கட்டும். காலுக்குக் கீழே ஒரு தரை இருப்பவன்தான் துணிந்து துள்ள முடியும்.

மூன்று: இதை மாணவர் சங்கத்துக்கே கோரிக்கையாக வைக்கிறேன். நம்ம பாலிடெக்னிக் கிரவுண்டு சனி, ஞாயிறு பூட்டிக் கிடக்கிறது. சுற்றுச்சுவர் ஓரம் பக்கத்து ஊர்ச் சின்னப் பசங்க எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல்வர் அவர்களிடமும் உடற்கல்வி ஆசிரியரிடமும் அனுமதி வாங்கி, ஞாயிறு காலை மூன்று மணி நேரம் கேட்டைத் திறந்து வைப்போம். சீனியர் மாணவர்கள் முறை போட்டுக்கொண்டு இரண்டு இரண்டு பேராக வந்து பந்து கற்றுக் கொடுப்போம். செலவு என்ன? நாலு பந்து, ஒரு காற்றடிக்கிற பம்பு, ஒரு விசில். சங்கத்தின் ஆண்டு விழாவில் மைக் செட்டுக்கு ஆகிற செலவுகூட ஆகாது.

அந்தப் பசங்களில் ஒரு விஜயன் இருப்பானா என்று யாரும் கேரண்டி கொடுக்க முடியாது. விதைக்கும்போது எந்த நெல் முளைக்கும் என்று பார்த்தா விதைக்கிறோம்? திருச்சூரில் ஒரு முகாம் நடந்திராவிட்டால் அந்தச் சோடாக்காரப் பையன் சோடாக்காரராகவே போயிருப்பார், நமக்குத் தெரிந்தேயிருக்காது. தெரியாமலே போன விஜயன்கள் எத்தனை பேரோ!

ஆகவே நண்பர்களே, "பந்து சோறு போடுமா?" என்று யாராவது கேட்டால் கோபப்படாமல் இப்படிச் சொல்லுங்கள்: "தண்ணி வந்தா வயல் சோறு போடும். மதகு திறந்தா பந்தும் போடும்." மேட்டூர்ச் சாவி நம்மிடம் இல்லை. நம்ம கிரவுண்டு கேட்டின் சாவி வாட்ச்மேன் அண்ணனிடம்தான் இருக்கிறது. கேட்டுப் பார்ப்போமா?